கடலோரம் படகைக் கட்டிக் காத்திருந்தார்கள்... மலையேறிப் போய்க் கொட்டியது புயல்!

குப்பனூர் எங்கே, கடல் எங்கே?

சேலத்துக்கு வடகிழக்கே, சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது குப்பனூர். ஏற்காட்டுக்குப் போகும் இரண்டாவது மலைப்பாதை இங்கிருந்துதான் ஏறுகிறது. இந்த ஊர்க்காரர் கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் பஸ்சில் போக வேண்டும். மேலே ஏற்காட்டு ஏரியில் படகு இருக்கிறது. அது டூரிஸ்ட்டுகள் அரை மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொள்கிற படகு. புயலுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது!

2024-ம் ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு புயலுக்காகப் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், சென்னைக் காசிமேடு என்று கடற்கரை நெடுக படகுக்காரர்கள் கண் விழித்துக் காத்திருந்தார்கள். வருகிறது என்றார்கள், வரவில்லை. வராது என்றார்கள், வந்துவிட்டது. வந்த புயல் கடலோரத்தில் ஆடிய ஆட்டம் பாதிதான். மீதியை மலைக்குக் கொண்டுபோய்க் கொட்டியது. அந்தத் தண்ணீர் ஆற்று வழியே திரும்பிக் கடலோரத்துக்கே வந்தது!

"வருது... வரல..."

நவம்பர் 25-ந் தேதி வங்கக் கடலின் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. அது இலங்கைக் கரையை ஒட்டி வடக்கே ஊர ஆரம்பித்தது. ஊர்ந்தது என்பதுதான் சரி. சில நேரம் ஆள் நடக்கிற வேகம்தான்.

27-ந் தேதி புயலாக மாறும் என்றார்கள். மாறவில்லை. 28-ந் தேதி, புயலாகாமலே வலுக்குறைந்து கரையைக் கடக்கலாம் என்று பேச்சு வந்தது. 29-ந் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல் அது புயலாகியே விட்டது!

பெயர், பெஞ்சல். சவுதி அரேபியா கொடுத்த பெயர். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து "பெங்கல்" என்று படித்தவர்களும் உண்டு. முன்பெல்லாம் இந்தப் பக்கத்துப் புயல்களுக்குப் பெயரே கிடையாது. 1964 தனுஷ்கோடிப் புயல், 1977 நாகைப் புயல் என்று அடி வாங்கிய ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியது 2004-ல்தான்.

அந்த ஐந்து நாளும் எந்த மீனவர் குப்பத்தில் போய் நின்றாலும் இந்த மாதிரிப் பேச்சுத்தான் காதில் விழுந்திருக்கும்:

"என்ன மச்சான், இன்னிக்குக் கடக்குமா?"

"டி.வி.ல ராத்திரின்றான். செல்போன்ல நாளைக்குன்றான். கடலு இன்னும் ஒண்ணும் சொல்லல."

வானிலை ஆபீசைத் திட்டுவது சுலபம். ஆனால் நடுக்கடலிலிருந்து நேராக வேகமாக வருகிற புயலைச் சொல்லிவிடலாம். கரையை ஒட்டி நின்று நின்று ஊர்கிற புயல்தான் கண்ணில் மண்ணைத் தூவும். பாதை 50 கிலோமீட்டர் மாறினால் அடி வாங்கும் ஊர் மாறிவிடும். ஒரு நாள் தாமதித்தால் படகுக்காரன் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

கட்டிப் போட்டால் யார் தருவார்?

அது என்ன கணக்கு?

ஆபீசில் வேலை பார்ப்பவருக்குப் புயல் லீவு வந்தால் சம்பளம் பிடிக்க மாட்டார்கள். கடைக்காரர் ஷட்டரை இறக்கினால் சரக்கு உள்ளே பத்திரமாக இருக்கும். படகுக்காரர் கதை வேறு. அவருடைய கடை தண்ணீரில் மிதக்கிறது! அதற்கு ஷட்டரும் கிடையாது.

ஒரு விசைப்படகு என்பது பல லட்ச ரூபாய் சமாச்சாரம். மரம், இரும்பு, இன்ஜின், வலை, ஐஸ் பெட்டி, வயர்லெஸ் எல்லாம் சேர்த்து. கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு படகு வாங்கியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேங்க் கடன், வட்டிக் கடன், வீட்டுக்காரம்மா நகை, மீன் வியாபாரி கொடுத்த முன்பணம் என்று நாலு பக்கமும் கைநீட்டித்தான் ஒரு படகு தண்ணீரில் இறங்குகிறது. பிடிக்கிற மீனைத் தனக்கே தர வேண்டும் என்று வியாபாரி முன்பணம் கொடுத்திருப்பார். படகு போனாலும் அந்தக் கணக்கு போகாது.

வருஷத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று சர்க்காரே கடலைப் பூட்டிவிடுகிறது. அதற்கு நிவாரணத் தொகை உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் புயலுக்காகக் கட்டிப் போட்ட நாளுக்கு யாரிடம் போய்க் கூலி கேட்பது?

மீன்துறை ஆபீசில் டோக்கனை நிறுத்திவிட்டார்கள் என்றால் படகு கிளம்பக் கூடாது. ஏற்கெனவே ஏற்றிய ஐஸ் உருகி ஓடும். டிரைவரும் கூலிக்காரர்களும், "அண்ணே, அரிசி வாங்கணும், ஒரு ஐநூறு கொடுங்க" என்று வந்து நிற்பார்கள். கொடுக்காவிட்டால் அடுத்த தடவை வேறு படகில் ஏறிவிடுவார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கார்த்திகை என்றால் ஐயப்பனுக்கு மாலை போடுகிற மாதம். பாதிப் பேர் மீன் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். வரத்து குறைந்தாலும் மற்ற மாதம்போல விலை ஏறாது. கட்டிப் போட்ட படகுக்காரருக்கு அந்த ஆறுதலும் இல்லை.

ஆகையால், "வரும்" என்று சொல்லி வராமல் போகிற ஒவ்வொரு நாளும் அவருக்கு நஷ்டம். வந்தாலோ மொத்தமும் நஷ்டம். வா என்றும் சொல்ல முடியாமல் வராதே என்றும் சொல்ல முடியாமல் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கயிறு பேசும் பேச்சு

புயல் வருகிறது என்றால் படகுத்துறையில் முதலில் கிராக்கி ஆவது கயிறு. அடுத்தது பழைய லாரி டயர்!

துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றை ஒட்டி ஒன்றாக மூன்று வரிசை, நாலு வரிசை நிற்கும். சாதாரண நாளில் ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்குத் தாவியே கரைக்கு வந்துவிடலாம். புயல் நாளில் அந்த நெருக்கம்தான் எமன். இடைவெளி விட்டுக் கட்டுங்கள் என்று அதிகாரிகள் மைக் வைத்துச் சொல்வார்கள். இடம் இருந்தால் அல்லவா விடுவதற்கு! காசிமேடு துறைமுகத்தில், கட்டியபோது நினைத்ததை விட எத்தனையோ மடங்கு படகுகள் நிற்கின்றன. அந்த நெருக்கடியைக் குறைக்கத்தான் பக்கத்திலேயே திருவொற்றியூர் குப்பத்தில் புதிய மீன்பிடித் துறைமுகம் கட்ட வேண்டி வந்தது.

படகின் இரண்டு பக்கமும் டயரைத் தொங்கவிடுவார்கள். மோதினால் மரம் பிளக்காமல் ரப்பர் வாங்கிக்கொள்ளும். முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, குறுக்கே ஒன்று, போதாக்குறைக்கு நங்கூரம்.

கயிற்றை இறுக்கிக் கட்டினால் பத்திரம் என்றுதான் நமக்குத் தோன்றும். அங்கேதான் தப்பு! புயல் நெருங்கும்போது கடல் மட்டமே உயரும். படகும் கூடவே உயரும். கயிறு இறுகியிருந்தால் பட்டென்று தெறித்துவிடும், அல்லது படகின் மூக்கைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். ரொம்ப விட்டுக் கட்டினாலோ பக்கத்துப் படகை இடித்துப் பிளந்துவிடும். எவ்வளவு விட வேண்டும் என்பதற்குப் புத்தகம் கிடையாது. அப்பன் சொல்லிக் கொடுத்தது, போன புயலில் பட்டது, அவ்வளவுதான்.

பெஞ்சல் சமயத்தில் இன்னொரு வில்லங்கமும் சேர்ந்துகொண்டது. நவம்பர் 30, டிசம்பர் 1 அமாவாசை! அமாவாசைக்குக் கடல் சும்மாவே பொங்கும். புயலும் அன்றைக்கே வந்தால்?

பைபர் படகுக்காரர்கள் பாடு வேறு விதம். அவர்கள் படகைத் தண்ணீரில் விடவே மாட்டார்கள். இன்ஜினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். பிள்ளை குட்டி ஒரு மூலை, இன்ஜின் ஒரு மூலை! பிறகு இருபது, முப்பது பேர் கூடி "ஏலேலோ" போட்டுப் படகை மேட்டுக்கு இழுப்பார்கள். டிராக்டர், கிரேன் வந்த ஊர்களில் அது இழுக்கும். மெரினா பக்கத்துக் குப்பங்களில் படகும் வலையும் தார் ரோட்டுக்கே ஏறிவிடும். பஸ் போகிற ரோட்டில் படகு நிற்கிறதே என்று முணுமுணுப்பவர்கள், அந்தப் படகுக்கு வேறு எங்கே போக இடம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

காற்றை விட்டால் மழை. திறந்த படகில் ராத்திரி முழுக்க மழை பெய்தால் படகு நிறைந்து, கட்டிய இடத்திலேயே மூழ்கிவிடும். அலையே அடிக்க வேண்டாம்! அதனால் யாராவது ஒருவர் இருந்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கூண்டில் என்ன இருக்கிறது?

"துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று ரேடியோவில் கேட்காத சேலத்துக்காரர் இருக்க மாட்டார். ஆனால் அது என்ன கூண்டு, உள்ளே கிளியா இருக்கிறது?

அது கூம்பு, உருளை வடிவத்தில் பின்னிய கூடை. கம்பத்தில் ஏற்றுவார்கள். ராத்திரியானால் அதற்குப் பதிலாகச் சிவப்பு, வெள்ளை விளக்குகள். வெள்ளைக்காரன் காலத்தில், 1864-ல் கல்கத்தாவைப் பெரும் புயல் அழித்த பிறகு, கப்பல்காரர்களுக்கு எச்சரிக்கை சொல்லும் ஏற்பாடு அங்கே ஆரம்பமானது. மொத்தம் 11 எண்கள்.

1, 2 என்றால் கடலில் தொலைவில் ஏதோ இருக்கிறது. 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே காற்று வரலாம், ஜாக்கிரதை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பேரபாயம். 11 என்றால் இன்னும் மோசம், வானிலை ஆபீசுடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்!

5-க்கும் 6-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் வெளியூர்க்காரர் முழிப்பார். படகுக்காரருக்கு உயிரே அதில்தான். 5, 8 என்றால் புயல் போகிற பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருக்கிறது. 6, 9 என்றால் வலப்புறம். 7, 10 என்றால் தலைமேலேயே, அல்லது வெகு பக்கத்தில்.

நம் கடற்கரைக்குப் புயல் கிழக்கிலிருந்து மேற்கே வருகிறது. அது சுற்றுவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில். ஆகவே புயல் கடக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கும் ஊரில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். படகைத் தூக்கித் தரையில் எறியும். தெற்கே இருக்கும் ஊரில் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கயிறு அறுந்தால் படகு கடலோடு போய்விடும். வடக்கா தெற்கா என்று தெரியாமல் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது? புயல் புதுச்சேரிக்கு வடக்கே கடக்குமா தெற்கே கடக்குமா என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

ராத்திரிக் காவல்

"எல்லோரும் முகாமுக்கு வாங்க" என்று போலீசாரும் வருவாய்த் துறையினரும் கூப்பிடுவார்கள். பெண்களும் குழந்தைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். படகு முதலாளி போக மாட்டார். "நீ போம்மா, நான் ஒரு நடை படகைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்பார். அந்த ஒரு நடை விடிகிற வரை நீளும்!

இது முட்டாள்தனம் என்று அதிகாரிகள் கோபித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. 100 கிலோமீட்டர் வேகக் காற்றில் ஒரு மனிதன் கயிற்றைப் பிடித்து எதை நிறுத்திவிடப் போகிறான்? ஆனாலும் ஏன் நிற்கிறார்கள் என்பதற்கு, நடந்த கதைகள் இருக்கின்றன.

2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை ஏறியது. தஞ்சை மாவட்டம் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் நூற்றுக்கும் மேற்பட்ட விசைப்படகுகள் நொறுங்கின. விடிந்து பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. யார் படகு எது என்று பலகையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார்கள். தென்னை விழுந்தால் மறு கன்று வைக்கலாம். ஆனால் கடனில் வாங்கிய படகுக்கு? இன்சூரன்ஸ் இல்லாத படகுகள்தான் ஏராளம். அரசு நிவாரணம் கொடுத்தது உண்மை. புதுப் படகுக்கு அது போதாது என்பதும் உண்மை.

2022 டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கடந்தது. சென்னை அதற்கு வடக்கே. காற்று எந்தப் பக்கம் அடித்திருக்கும் என்று இப்போது வாசகர்களே சொல்லிவிடுவார்கள்! காசிமேட்டில் கயிறு அறுந்த படகுகள் ஒன்றோடொன்று இடித்துப் பல மூழ்கின, இன்னும் பல உடைந்தன. துறைமுகத்துக்குள் பத்திரமாகக் கட்டியிருந்த படகுகள்தான் அவை.

இந்த இரண்டையும் விடக் கொடுமை 2017 ஒக்கி. நவம்பர் 30-ந் தேதி கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் வந்த அந்தப் புயலுக்குக் காத்திருக்கவே நேரம் கிடைக்கவில்லை. எச்சரிக்கை வரும்போது ஆழ்கடல் மீனவர்கள் ஏற்கெனவே பல நாள் பயணத்தில் வெகுதூரம் போயிருந்தார்கள். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகுதான் கரையிலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவிகள் விசைப்படகுகளில் பொருத்தப்பட்டன. கரையில் உட்கார்ந்து, "வருமா, வராதா" என்று ஐந்து நாள் அலுத்துக்கொள்ள முடிவதே ஒரு பாக்கியம் என்று குமரி மாவட்டத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கடந்தது... ஆனால் போகவில்லை!

நவம்பர் 30, சனிக்கிழமை. சென்னை விமான நிலையத்தை மத்தியானமே மூடிவிட்டார்கள். மாலை 5½ மணிக்கு மேல் புயல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டது. இரவு 11 மணி வாக்கில் கரை ஏறி முடித்தது.

"அப்பாடா, தொலைந்தது" என்று படகுக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். சாதாரணமாகக் கரை ஏறிய புயல் சில மணி நேரத்தில் உள்ளே போய்ச் செத்துவிடும். பெஞ்சல் போகவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் குந்திக்கொண்டது! நகராமல் நின்ற இடத்தில் கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர். படகை இறைத்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டையும் இறைக்க வேண்டியதாயிற்று.

பிறகு மெல்ல மேற்கே நகர்ந்தது. வலுவிழந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று கடலோரத்தில் பேச்சு. வலுவிழந்தது காற்றுத்தான். மேகத்தில் இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது.

குப்பனூர் மேட்டில் என்ன நடந்தது?

ஈரக் காற்று தரையில் ஓடும்போது மழையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். எதிரே மலை வந்து நின்றால் அது மேலே ஏறியாக வேண்டும். ஏறினால் குளிரும். குளிர்ந்தால் கொட்டும். கிழக்கிலிருந்து வந்த அந்தக் காற்றுக்குக் கல்வராயன், சித்தேரி, சேர்வராயன் என்று வரிசையாக மலைகள் குறுக்கே நின்றன. சேர்வராயன் மலை 1,600 மீட்டரைத் தாண்டிய உயரம்.

டிசம்பர் 1 ஞாயிறு இரவும் 2 திங்களும் சேலம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஏற்காட்டில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மரங்கள் சாய்ந்தன. மின்சாரம் நின்றது. மலைப்பாதையில் மண்ணும் கல்லும் சரிந்து வண்டி போக்குவரத்து தடைப்பட்டது. காப்பிப் பழம் சிவந்து பறிப்புக்கு நின்ற நேரம் அது. மலைக்கிராமத்துக்காரர்கள் மேலே, சந்தைக்குப் போக வேண்டிய சரக்கும் மேலே. கீழே திருமணிமுத்தாறு பெருக்கெடுத்தது.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் மோசம். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர்! பஸ் நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் மிதந்து போனதை நாடே செல்போனில் பார்த்தது. கடலோரத்தில் படகுக்குக் கயிறு போட்டுக் காத்திருந்தார்கள். இங்கே வேனுக்குக் கயிறு போட வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடியது. ஏழு உயிர்கள், அதில் குழந்தைகளும் உண்டு.

கடலோர ஊர்க்குப் புயல் வந்தால் என்ன செய்வது என்று தெரியும். பஞ்சாயத்தார் சொல்வார்கள், கூண்டு ஏறும், முகாம் தயாராக இருக்கும். மலையடிவாரத்துக்குக் கூண்டு கிடையாது. புயல் கரையைக் கடந்துவிட்டது என்று ரேடியோ சொன்னால், உள்நாட்டுக்காரர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகிறார். வம்பே அங்கேதான்.

பின்வாசல் வழியாக...

இனிமேல்தான் கதையின் மறு பாதி.

மலையில் விழுந்த தண்ணீர் எங்கே போகும்? சேர்வராயன் மலையின் தெற்குச் சரிவுத் தண்ணீர் திருமணிமுத்தாறு வழியே காவிரிக்குப் போகிறது. வடகிழக்குச் சரிவுத் தண்ணீர் வாணியாறாக இறங்கி, அரூர்ப் பக்கம் போய்த் தென்பெண்ணையில் சேர்கிறது. ஊத்தங்கரைத் தண்ணீரும் அதே தென்பெண்ணைக்குத்தான். தென்பெண்ணை எங்கே போகிறது? சாத்தனூர் அணைக்கு. அங்கிருந்து? கடலூருக்கு!

டிசம்பர் 2-ந் தேதி விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதம்கூட ஆகாத பாலம் அடித்துக்கொண்டு போனது. விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் தண்ணீர் புகுந்தது. கடைசியில் கடலூர் ஆற்றோரக் குடியிருப்புகள் முழுகின.

புயல் கடந்துபோய் ஒன்றரை நாள் ஆகிவிட்டது. வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. கடலூர்க்காரர்கள் கயிற்றைத் தளர்த்தலாமா என்று யோசிக்கிற நேரம். முன்வாசலில் கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்வாசல் வழியே மலைத்தண்ணீர் வந்து நின்றது!

ஆற்று முகத்துவாரத்தில் படகு கட்டுகிறவர்களுக்கு இது புதிய பயம் அல்ல. அலைக்குப் பயந்துதான் படகை ஆற்றுக்குள் ஏற்றிக் கட்டுகிறார்கள். அலை அங்கே வராது. ஆனால் ஆறு பெருகி வந்தால், அலைக்காகக் கட்டிய கயிறு வேறு திசையில் இழுக்கும். அலை தூக்கிப் போடும். ஆறோ விடாமல் தள்ளும், மரத்தையும் குப்பையையும் கொண்டுவந்து கயிற்றில் மாட்டும். கடல் காற்றுக்கு ஒரு முடிச்சு, ஆற்று வேகத்துக்கு வேறு முடிச்சு என்று இரண்டுக்கும் காவல் இருக்க வேண்டியிருக்கிறது.

கடல் சீற்றத்துக்கு எண் போட்டுக் கூண்டு ஏற்றும் ஏற்பாடு 150 ஆண்டுக்கு மேல் பழையது. அணையில் தண்ணீர் திறந்தால் கரையோரத்தாருக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதில்தான் இன்னும் சண்டை. நள்ளிரவில் திறந்தார்கள், முன்கூட்டிச் சொல்லவில்லை என்றது எதிர்க்கட்சி. முறைப்படி பல தடவை எச்சரித்துத்தான் திறந்தோம் என்றது அரசு. சட்டசபையிலேயே இந்த வாக்குவாதம் நடந்தது.

மீண்டும் கடலுக்கு...

தடை நீங்கியதும் படகுகள் கிளம்பின. இன்ஜின் வீட்டு மூலையிலிருந்து தோளில் ஏறியது. புதுக் கயிறு வாங்கிய கடன் கணக்கில் ஏறியது. சேலத்து மீன் கடைகளில், "என்னங்க, கடல் மீன் வந்துடுச்சா? மேட்டூர் மீன்தானா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் விசாரித்தார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு ஆற்று வாய்க்கு நேரே வலை போடுகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்ப்பது வழக்கம். கடல் பல நாள் செம்மண் நிறத்தில் கிடக்கும். வலையை இழுத்தால் கனக்கும். பெரிய பாடு என்று சந்தோஷமாக இழுப்பார்கள். மேலே வந்தால் மீன் பாதி, மரக்கிளையும் மூங்கிலும் பாதி! வலையைக் கிழித்துக்கொண்டு வேரோடு ஒரு மரமும் வந்தாலும் வரும்.

கிளையை முறித்துக் கடலில் எறிந்துவிட்டு, கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து பின்னுவார்கள். எந்த மலையில் சாய்ந்த மரமோ, யார் கண்டது?